கேட்டுச் செய்வதா, செய்துவிட்டுச் சொல்வதா?

கணினி வருவதற்கு முன்பு ரயில் முன்பதிவு என்பது பேரேட்டு வேலை. வண்டிக்கு வண்டி தனிப் பேரேடு. தேதிக்கு ஒரு பக்கம், பெட்டிக்கு ஒரு பட்டியல், பெர்த் எண்கள் வரிசையாக. காலி எண்ணுக்கு எதிரே எழுத்தர் பெயரை எழுதிவிட்டால் பெர்த் உங்களுடையது. அந்தப் பேரேடு எந்தக் கவுன்டரில் இருக்கிறதோ அங்கேதான் வரிசையில் நிற்க வேண்டும். பக்கத்துக் கவுன்டர்க்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் பயனில்லை, அவரிடம் இருப்பது வேறு வண்டியின் பேரேடு. மெட்ராஸிலிருந்து டெல்லி போய்த் திரும்புகிறவர் பாடு இன்னும் கஷ்டம். திரும்பும் வண்டியின் பேரேடு டெல்லியில் இருக்கிறது. மெட்ராஸிலிருந்து தந்தி போகும். பதில் வந்தால் வந்தது.

இத்தனை அசௌகரியத்துக்கும் ஈடாக ஒரு உத்தரவாதம் கிடைத்தது. ஒரு பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு பேனாதான் எழுத முடியும். அந்தப் பக்கத்துக்குப் பிரதியும் கிடையாது. எனவே ஒரே பெர்த்தை இரண்டு பேருக்கு விற்கும் பேச்சே இல்லை (எழுத்தரின் கைங்கரியம் தனி விஷயம்).

எழும்பூரில் புறப்பட்டுத் தெற்கே போகும் வண்டியில் விழுப்புரத்தில் ஏறுகிறவருக்கு என்ன வழி? ஆளுக்கு ஒரு தந்தி என்று எழும்பூரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ரயில்வே கண்ட தந்திரம்தான் கோட்டா. வழியில் உள்ள நிலையங்களுக்குச் சில பெர்த்களைப் பிரித்துக் கொடுத்துவிடுவது. விழுப்புரத்துக்கு நான்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கையும் விழுப்புரம் யாரையும் கேட்காமல் விற்கலாம். இரட்டை விற்பனைக்கும் இடமில்லை, காத்திருப்பும் இல்லை. ஆனால் ஐந்தாவதாக வருகிறவருக்கு, எழும்பூர்ப் பேரேட்டில் பத்து பெர்த் காலியாகக் கிடந்தாலும், ‘இல்லை’ என்றுதான் பதில். மாறாக இரண்டு பேர்தான் வந்தார்கள் என்றால், எழும்பூரில் வெயிட்டிங் லிஸ்டில் ஒருவர் தவித்துக்கொண்டிருக்க, மீதி இரண்டு பெர்த் விழுப்புரத்தின் பெயரில் சும்மா கிடக்கும்.

கேட்டுச் செய்தால் நேரம் போகிறது. கேட்காமல் செய்தால் சரக்கு வீணாகிறது. இந்த அத்தியாயம் முழுக்க இந்த இரண்டு செலவுகளைப் பற்றித்தான்.

வணிக நிறுவனங்களுக்குள் கணினி நுழைந்த நாள் முதல் ஒரு சண்டை ஓயவில்லை: தலைமையிடத்தில் ஒரே பெரிய கணினியா, கிளைதோறும் சிறிய கணினிகளா? ஒரு தலைமுறை அந்தப் பக்கம் போகும், அடுத்த தலைமுறை இந்தப் பக்கம் வரும், எல்லாம் ஃபேஷன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். ஒரு பெர்த் காலியா, ஒரு கணக்கில் பணம் இருக்கிறதா என்பதில் கடைசி வார்த்தை யாருடையது, அவரைக் கேட்க என்ன செலவாகும் என்பதுதான் முதல் கேள்வி. அந்தச் செலவு மாறும்போதெல்லாம் கணினியின் இருப்பிடமும் மாறியிருக்கிறது.

அமெரிக்க விமான நிறுவனங்கள் 1940-களிலேயே இதில் உருண்டு புரண்டிருக்கின்றன. அங்கே கோட்டாவுக்குப் பதிலாக இன்னொரு முறை இருந்தது: விற்றுவிட்டுச் சொல். எந்த ஊர் அலுவலகமும் கேட்காமலே இருக்கையை விற்கலாம், விற்றபின் தலைமையிடத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். விமானம் நிரம்பும் தறுவாயில் ‘இனி விற்காதே’ என்று எல்லா ஊருக்கும் செய்தி பறக்கும். அந்தச் செய்தி போய்ச் சேர்வதற்குள் சிலர் விற்றிருப்பார்கள் அல்லவா? அதற்காகவே சில இருக்கைகளைக் கணக்கில் காட்டாமல் கைக்காவலாக வைத்திருப்பார்கள். அந்தக் காவல் இருக்கைகள் காலியாகப் பறந்தால் நஷ்டம். போதாமல் போனால் விமான நிலையத்தில் ரகளை.

1953-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் போன விமானத்தில் இரண்டு ஸ்மித்கள் அருகருகே அமர நேர்ந்தது. ஒருவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி. ஆர். ஸ்மித். மற்றவர் ஐபிஎம் விற்பனையாளர் பிளேர் ஸ்மித். பேச்சு இருக்கைப் பதிவின் பக்கம் திரும்பியது. அதன் விளைவாக வந்த ‘சேபர்’ அமைப்பு நாடு முழுவதும் முழுமையாக இயங்க 1964 ஆகிவிட்டது. செலவு சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் மாநிலத்தின் பிரையர்கிளிஃப் மேனர் என்ற ஊரில் இரண்டு ஐபிஎம் 7090 கணினிகள், ஒன்று வேலை செய்ய, ஒன்று அது படுத்தால் எழுந்து நிற்க. நாடெங்கும் உள்ள முகவர்களின் கருவிகளிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே கேள்வி போய், சில நொடிகளில் பதில் வந்தது. கேட்கும் செலவு நொடிக்கணக்குக்கு இறங்கியதும் காவல் இருக்கைகளுக்கு அவசியம் குறைந்தது. ‘கேட்டு விற்பது’ வென்றது.

அந்தக் காலத்தில் பெரிய கணினிக்குச் சாதகமாக இன்னொரு காரணமும் இருந்தது. ஹெர்ப் க்ரோஷ் என்பவர் 1950-களில் சொன்ன ஒரு கணக்கு: இரண்டு மடங்கு விலை கொடுத்தால் நான்கு மடங்கு வேகமுள்ள கணினி கிடைக்கும். அப்படியானால் பத்து சின்னக் கணினிகள் வாங்குகிறவர் ஏமாளி. க்ரோஷ் விதி அக்கால இயந்திரங்களுக்குப் பொருந்தியது. நுண்செயலி வந்ததும் அது தலைகீழானது. மேசை மேல் வைக்கும் கணினியில் ஒரு ரூபாய்க்குக் கிடைத்த கணக்குத் திறன், மெயின்ஃப்ரேமில் கிடைத்ததைவிட அதிகம். ஆனால் கணக்குப் போடும் விலை இறங்கியதே தவிர, ஊர் விட்டு ஊர் கேட்கும் விலை, குறிப்பாக இந்தியாவில், இறங்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் ரயிலுக்குத் திரும்பலாம்.

*

1985-86-இல் டெல்லியில் ‘இம்ப்ரெஸ்’ என்ற கணினி முன்பதிவு வந்தது. எழுதியது சிஎம்சி, 1978-இல் ஐபிஎம் இந்தியாவைவிட்டு வெளியேறியபோது அது விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரித்த அரசு நிறுவனம். பயணிக்கு அன்று தெரிந்த பெரிய மாற்றம், எந்தக் கவுன்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் வாங்கலாம் என்பது. பேரேடு கவுன்டரைவிட்டு இயந்திரத்துக்குள் போய்விட்டது. 1980-கள் முடிவதற்குள் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், செகந்திராபாத் என மற்ற நான்கு இடங்களிலும் இதே போல அமைந்தது.

ஐந்து தீவுகள் என்று சொல்லலாம். மெட்ராஸ் கணினிக்கு மெட்ராஸ் வண்டிகள் தெரியும். டெல்லியிலிருந்து ஹவுரா போகும் வண்டியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இவற்றை இணைக்க ரயில்வேயின் தகவல் அமைப்பு மையமான கிரிஸ் எழுதிய மென்பொருள்தான் ‘கான்செர்ட்’. 1994-இல் செகந்திராபாத்தில் முதலில் ஓடியது, 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒன்றாயின. இங்கே அவர்கள் எடுத்த முடிவு எனக்கு மிகப் பிடித்தது. எல்லாவற்றையும் டெல்லியில் ஒரே கணினியில் கொட்டவும் இல்லை. எல்லா வண்டிகளின் தகவலையும் ஐந்து இடங்களிலும் பிரதி எடுத்து வைக்கவும் இல்லை. ஒவ்வொரு வண்டியும் ஒரே ஒரு மையத்துக்குச் சொந்தம். மதுரைக் கவுன்டரில் ஒருவர் சென்னை வண்டிக்கு டிக்கெட் கேட்டால் சென்னைக் கணினி பதில் சொல்லும். டெல்லியில் இருக்கும் வண்டிக்குக் கேட்டால் சென்னைக் கணினி அந்த வேண்டுகோளை டெல்லிக்கு அனுப்பிவைக்கும், பெர்த்தை ஒதுக்குவது டெல்லி. பயணி கண்ணுக்கு ஒரே அமைப்பு. உள்ளே ஐந்து எஜமானர்கள், ஒவ்வொருவருக்கும் தனி எல்லை.

இது ஏன் புத்திசாலித்தனம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. டெல்லிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 1,750 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப, வழியில் எங்கும் நிற்காமல் ஓடினால்கூட, ஏறக்குறைய 18 மில்லிநொடி. எவ்வளவு பணம் கொட்டினாலும் இதைக் குறைக்க முடியாது, இயற்பியல் அனுமதிக்காது. அதே 18 மில்லிநொடியில் இன்றைய சாதாரணச் செயலி ஒன்று ஐந்து கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகளை முடித்திருக்கும்.

இப்போது தட்கல் நேரத்தை நினையுங்கள். காலை பத்து மணி அடித்ததும் ஒரே வண்டியின் ஒரே வகுப்பு மீது ஆயிரக்கணக்கானோர் பாய்கிறார்கள். அந்த வண்டியின் பதிவு டெல்லியிலும் சென்னையிலும் இரண்டு பிரதிகளாக இருந்து, ஒவ்வொரு விற்பனைக்கும் இரண்டும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும் என்றால், அந்தப் பதிவை 18 மில்லிநொடி பூட்டி வைத்தாக வேண்டும். ஒருவர் பின் ஒருவராக நொடிக்கு 55 டிக்கெட்டுக்கு மேல் போகாது. ஒரே இடத்தில் இருந்தால் அந்தத் தடையே இல்லை. வண்டிகளை மையங்களுக்குப் பங்கிட்டதன் பலன் இதுதான். ஒரு வண்டிக்கான சண்டை ஒரு கணினிக்குள்ளேயே முடிந்துவிடும், ஒரு மையத்தின் நெரிசல் இன்னொரு மையத்தைத் தொடாது. மையப்படுத்தலா பரவலாக்கலா என்று யாராவது கேட்டால், வண்டி அளவில் முழு மையப்படுத்தல், நாடு அளவில் முழுப் பரவல் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

கோட்டா என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஆன்லைனில் டிக்கெட் எடுக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள், வெயிட்டிங் லிஸ்டிலேயே ஜிஎன், ஆர்எல், பிக்யூ என்று சாதிகள் உண்டு. தந்திச் செலவை மிச்சம் பிடிக்கப் பிறந்த ஏற்பாடு, கேட்கும் செலவு ஏறத்தாழ இல்லாமல் போன பிறகும் வாழ்கிறது. இப்போது அதற்கு வேலை வேறு. வண்டி முழுவதையும் குறுகிய தூரப் பயணிகளே நிரப்பிவிடாமல் நெடுந்தூரக்காரருக்கு இடம் காப்பது. பழைய கருவிக்குப் புதிய காரணம் கிடைப்பது அலுவலகங்களில் அபூர்வமல்ல.

வண்டி புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு சார்ட் தயாராகும்போது இன்னொரு கைமாற்றம் நடக்கிறது. அதுவரை பெர்த் பற்றிய கடைசி வார்த்தை கணினியுடையது. வண்டி கிளம்பிய பின் அது டிடிஇ-யுடையது. யார் வரவில்லை, எந்த பெர்த் காலி, ஆர்ஏசி-யில் உட்கார்ந்திருக்கும் யாருக்கு அதைக் கொடுப்பது என்பதெல்லாம் அவர் கையில். காகிதச் சார்ட் இருந்த வரை, அவர் பேனாவால் அடித்துத் திருத்தியது மையக் கணினிக்குத் தெரியவே தெரியாது. இன்று கையடக்கக் கருவி வந்திருக்கிறது. காலியான பெர்த் மையத்துக்குப் போய், அடுத்த நிலையத்தில் ஏறுகிறவருக்குக் கிடைக்க வழி உண்டு. சிக்னல் இல்லாத மலைப்பாதையில்? அங்கே அவர் செய்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

*

வங்கிகள் எதிர்த் திசையிலிருந்து வந்தன. ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு 1984-இல் ஒரு அறிக்கையும் 1989-இல் இன்னொன்றும் கொடுத்து வங்கிகளைக் கணினியின் பக்கம் தள்ளியது. வேலை போய்விடும் என்ற அச்சத்தில் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, பேச்சுவார்த்தை நடந்தது, ஒப்பந்தங்கள் வந்தன. கிளைகளுக்குள் முதலில் நுழைந்தது ஏஎல்பிஎம் எனப்பட்ட லெட்ஜர் இயந்திரம். பிறகு கிளை முழுவதையும் ஒரு சர்வரில் கட்டும் அமைப்பு வந்தது. எதுவாக இருந்தாலும் கிளைக்குக் கிளை தனித்தனி. காலையில் அதிகாரி வந்து ‘டே பிகின்’ போட்டால்தான் கவுன்டர் திறக்கும், மாலையில் ‘டே எண்ட்’ சரியாக வரும் வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

உங்கள் கணக்கு திருநெல்வேலிக் கிளையில் என்றால், உங்கள் இருப்பு எவ்வளவு என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே கணினி அங்கே ஒரு கண்ணாடி அறைக்குள் இருக்கும். கோயம்புத்தூரில் அதே வங்கியின் கிளைக்குப் போனால் நீங்கள் யாரோ. பணம் வேண்டுமென்றால் டிடி எடுத்துப் போயிருக்க வேண்டும். ஒரு கிளை டிடி கொடுக்கும், இன்னொரு கிளை பணம் கொடுக்கும். இரண்டு பதிவும் என்றாவது ஒரு நாள் எங்காவது ஒரு மேசையில் சந்தித்துப் பொருந்த வேண்டும். கிளைகளுக்கிடையிலான இந்தக் கணக்கு ஒப்பீடு பல பொதுத்துறை வங்கிகளில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் பாக்கி நின்றது. செய்துவிட்டுச் சொல்லும் முறைக்கு இதுதான் பில். செய்வது உடனே நடந்துவிடும். சொன்னதைச் சரிபார்ப்பது கிடப்பில் போகும். அந்த இடைவெளியில் மோசடிக்கும் இடம் உண்டு.

கோர் பாங்கிங் இதைத் துடைத்தது. கிளைகளில் இருந்த கணக்குகள் எல்லாம் ஒரு தரவு மையத்துக்குப் போயின. ஸ்டேட் பாங்க் மட்டுமே சுமார் பத்தாயிரம் கிளைகளை 2008 வாக்கில் இப்படிக் கொண்டுவந்து முடித்தது. ‘கிளையின் வாடிக்கையாளர்’ என்ற நிலை போய் ‘வங்கியின் வாடிக்கையாளர்’ ஆனோம். மேலாளர்களில் சிலருக்கு இதில் வருத்தம் இருந்தது, நியாயமான வருத்தம்தான். முன்பு மும்பையில் மின்சாரம் போனால் திருநெல்வேலிக்கு என்ன? இப்போது தரவு மையத்தில் ஒரு கோளாறு என்றால் நாடு முழுக்கக் கிளைகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். உள்ளூர் லைன் அறுந்தாலும் அதே கதை. ‘சர்வர் டவுன் சார்’ என்ற வாக்கியம் தமிழ்நாட்டு மக்களுக்கு மனப்பாடமானது இந்தக் காலத்தில்தான்.

ஒரே மையம் என்பதும் பேச்சுக்குத்தான். நிலநடுக்கமோ வெள்ளமோ வந்தால்? எனவே தொலைவில் இன்னொரு நகரத்தில், வேறு நிலநடுக்க மண்டலத்தில், மாற்று மையம் ஒன்று. அங்கே போகும் பிரதி எப்போதும் சற்றே பின்தங்கியிருக்கும், காரணம் மேலே பார்த்த அதே ஒளி வேகம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அங்கிருந்து ‘ஆம், எழுதிவிட்டேன்’ வரும் வரை காத்திருந்தால் கவுன்டர் தவழும். காத்திருக்காவிட்டால் விபத்து நேரும் கணத்தில் கடைசிச் சில பரிவர்த்தனைகள் காற்றோடு போகும். அதனால் பல வங்கிகள் மூன்றாவதாக, பக்கத்திலேயே ஒரு சிறு மையம் வைக்கின்றன. அது சில கிலோமீட்டர் தூரம் என்பதால் காத்திருப்பது வலிக்காது. மையப்படுத்திவிட்டோம் என்று நினைத்த இடத்தில் மூன்று பிரதிகளும், பரவல் முறையின் அத்தனை தலைவலிகளும்.

2000-இல் எரிக் ப்ரூவர் என்ற கணினி அறிவியலாளர் இதைப் பொதுவான ஊகமாக முன்வைத்தார். 2002-இல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்ச்சும் நிரூபித்தார்கள். சுருக்கம் இதுதான்: இரண்டு இடங்களுக்கிடையே லைன் அறுந்துவிட்டால், ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று சொல்லலாம், அல்லது தவறாகப் போகும் அபாயத்தோடு வேலையைத் தொடரலாம். மூன்றாவது வழி கிடையாது.

வங்கி எதைத் தேர்ந்தெடுக்கும் என்று கேட்டால் பெரும்பாலோர் முதலாவதைத்தான் சொல்வார்கள். பணமாயிற்றே! ஆனால் ப்ரூவரே சுட்டிக்காட்டும் உதாரணம் ஏடிஎம். மையத்தோடு தொடர்பு அறுந்த ஏடிஎம் ஒரு சிறு வரம்பு வரை பணம் கொடுக்கும்படி அமைக்கப்படுவது உண்டு. அட்டைதாரர் இருப்புக்கு மேல் எடுத்துவிட்டால்? ஆளின் பெயரும் முகவரியும் வங்கியிடம் இருக்கிறது, பிறகு வசூலித்துக்கொள்ளலாம், அதிகபட்ச நஷ்டம் அந்த வரம்புதான். இரண்டு பேருக்கு விற்ற பெர்த்தை நள்ளிரவில் சரிசெய்ய முடியாது. இருநூறு ரூபாய் அதிகம் போனதை மறுநாள் சரிசெய்யலாம். எது திருத்தக்கூடிய தவறு, எது திருத்த முடியாதது என்பதுதான் அமைப்பைத் தீர்மானிக்கிறது. அமேசான் 2007-இல் வெளியிட்ட ‘டைனமோ’ கட்டுரையிலும் இதே கணக்கு. வாடிக்கையாளர் கூடையில் போடுவதை எக்காரணம் கொண்டும் மறுக்கக் கூடாது, அதற்காக அவர் நீக்கிய பொருள் எப்போதாவது கூடையில் மறுபடி முளைத்தாலும் பரவாயில்லை.

யுபிஐ வந்ததும் எல்லாம் மறுபடி கலைந்தது. 2016 ஏப்ரலில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. பெரும்பகுதி டீக்கும் காய்கறிக்கும் ஆன சில்லறை. ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் கோர் பாங்கிங்கின் கதவைத் தட்ட வேண்டும். அந்தப் பாரத்தைக் குறைக்க 2022 செப்டம்பரில் யுபிஐ லைட் வந்தது. கணக்கிலிருந்து ஒரு சிறு தொகையை முன்கூட்டியே எடுத்து, உங்கள் போனின் பொறுப்பில் ஒதுக்கிவிடுவது. அது தீரும் வரை ஒவ்வொரு டீக்கும் உங்கள் வங்கியின் மையக் கணக்கைக் கேட்க வேண்டியதில்லை. விழுப்புரத்துக்கு நான்கு பெர்த் ஒதுக்கியவர்கள் இதைப் பார்த்தால் பரிச்சயமாகத் தலையசைத்திருப்பார்கள். விலையும் அதேதான்: லைட்டில் கிடக்கும் பணம் மற்ற செலவுக்கு உதவாது, வட்டியும் கிடையாது.

லைட் அல்லாத சாதாரண யுபிஐ-யில் நான்கு தரப்பு: உங்கள் செயலி, உங்கள் வங்கி, பணம் பெறுகிறவரின் வங்கி, நடுவில் யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ. உங்கள் வங்கி பணத்தைக் கழித்துவிட்டது. நடுவிலிருந்து எதிர் வங்கிக்குச் ‘சேர்த்துக்கொள்’ என்று செய்தி போனது. பதில் வரவில்லை. இப்போது அங்கே பணம் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்ததா, செய்தியே போய்ச் சேரவில்லையா? இங்கிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. மறுபடி கேட்கலாம், அந்தக் கேள்விக்கான பதிலும் தொலையலாம். இதற்கு ‘இரண்டு தளபதிகள் சிக்கல்’ என்று பெயர். நம்பகமில்லாத வழியில் எத்தனை தூது விட்டாலும் இரு தரப்பும் உறுதியாக ஒரே முடிவுக்கு வர முடியாது என்பது 1970-களிலேயே நிரூபணமானது. கடைக்காரர் முன்னால் போனை நீட்டிக்கொண்டு ‘எனக்குக் கழிஞ்சிடுச்சுண்ணே’ என்று சொல்லும்போது நீங்கள் நிற்பது அந்த நிரூபணத்தின் நடுவில்தான்.

பொறியியலால் மூட முடியாத இந்த ஓட்டையை ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கையால் ஒட்டியது. தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் யுபிஐ பணம் கழிந்தும் சேராமல் போனால், எதிர் வங்கி மறுநாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 வாடிக்கையாளருக்கு. கடைக்குச் செலுத்தியதாக இருந்தால் ஐந்து நாள் அவகாசம். உடனடியாக உண்மை தெரியும் என்று எந்த வரியும் சொல்லவில்லை. இரு வங்கிகளின் பட்டியல்களையும் என்பிசிஐ பட்டியலோடு வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பொருந்தாதவற்றைப் பொறுக்கும் வேலை தினமும் நடக்கிறது. பழைய டிடி காலத்து ஒப்பீட்டு மேசைதான். இந்த முறை பாக்கி நின்றால் யார் பணம் கட்டுவது என்பது மட்டும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.